பறவைப் படம் சரிவரவில்லையா? கொழும்புக் குளக்கரைகளில் தொடங்குவோருக்கான பிழை நீக்கும் வழிமுறை

கமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு முதன்முதலாகத் தலங்கம குளத்துக்கோ, தியவன்னா வாவிக்கரைப் பூங்காவான தியத்த உயனவுக்கோ போய் வந்தவர்கள், வீட்டில் படங்களைத் திறந்து பார்த்ததும் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: “லென்ஸ் போதாது.” அப்படிச் சொல்லிக்கொண்டு படங்களைக் காட்டுபவர்களிடம், கடைக்குப் போவதைத் தள்ளிப்போடுங்கள், முதலில் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள் என்றுதான் கேட்டுக்கொள்கிறேன். எது பிழைத்ததோ அதன் தடயம் படத்துக்குள்ளேயே கிடக்கும். கொழும்பைப் பொறுத்தவரை அந்தத் தடயம் நம்மைக் கொண்டுபோய் நிறுத்தும் இடம் பெரும்பாலும் லென்ஸ் அல்ல. நீங்கள் போன நேரமும் நின்ற இடமும்தான்.

இதை உறுதியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. சதுப்பு நிலங்களுக்கும் வயல்களுக்கும் வாய்க்கால்களுக்கும் நடுவே வளர்ந்த நகரம் இது. ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்பாடான ராம்சார் சாசனத்தின் கீழ் 2018 இல் ஈரநில நகரங்களாக முதன்முதலில் அங்கீகாரம் பெற்ற 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. பேர வாவியில் கூழைக்கடாக்கள் வாகன இரைச்சலைச் சட்டை செய்யாமல் மிதக்கின்றன. தலங்கமவில் வீதியோரத்திலேயே நீலத் தாழைக்கோழி மேய்கிறது. மனித நடமாட்டம் பழகிப்போன பறவைகள் இவை. பொறுமையாக இருந்தால் பத்துப் பதினைந்து மீற்றருக்குள் வந்துவிடும். 250 அல்லது 300 மில்லிமீற்றர் லென்ஸ் தொடங்குவதற்குத் தாராளம்.

முதலில் கமராவை ஒரே அமைப்பில் வையுங்கள்

முழுத் தானியங்கி முறையில் எடுத்தால் ஒவ்வொரு படத்துக்கும் கமரா ஒவ்வொரு விதமாக முடிவெடுக்கும். பிறகு எது எதனால் கெட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே ஷட்டர் வேகத்தை நீங்களே தீர்மானிக்கும் முறைக்கு மாறுங்கள். நிக்கோனிலும் சோனியிலும் அது எஸ் (S), கெனனில் டிவி (Tv). வேகம் 1/1000 செக்கன். ஒளிக்குக் கமரா காட்டும் உணர்திறன் அளவான ஐஎஸ்ஓவைத் தானியங்கியில் விட்டு, மேல் எல்லையை மட்டும் 3200 அல்லது 6400 என்று வையுங்கள். வெளிச்சம் குறையும்போது லென்ஸின் துளையைக் கமரா தானே முழுதாகத் திறந்துகொள்ளும். ஃபோகஸ் தொடர்ச்சியாக இயங்க வேண்டும்: நிக்கோன், சோனி என்றால் ஏஎஃப்-சி, கெனன் என்றால் சர்வோ. ஃபோகஸ் புள்ளி ஒன்றே ஒன்று, நடுவில். உங்கள் கமரா பறவையின் கண்ணை அடையாளம் காணும் புதிய ரகம் என்றால் அந்த வசதியையும் போட்டுவிடுங்கள். விரலை எடுக்காமல் அழுத்தினால் படங்கள் தொடர்ந்து விழும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

இதை வைத்துக்கொண்டு ஒரு காலைப் பொழுது எடுங்கள். பிறகு பிழைகளைப் பார்ப்போம்.

படம் மங்கலாக இருக்கிறது

எல்லோரும் சொல்லும் குறை இதுதான். ஆனால் மங்கலுக்குப் பல காரணங்கள் உண்டு. ஒவ்வொன்றும் வெவ்வேறு விதமாகத் தெரியும். படத்தைக் கணினித் திரையில் நூறு சதவீத அளவுக்குப் பெரிதாக்கி, பறவையை மட்டும் பார்க்காமல் அதைச் சுற்றியுள்ளவற்றையும் பாருங்கள்.

பறவை, கிளை, பின்னால் உள்ள இலை எல்லாமே ஒரே திசையில் இழுபட்டதுபோல் இருந்தால், அசைந்தது உங்கள் கை. இடது உள்ளங்கை லென்ஸின் அடியில் இருக்கட்டும். முழங்கைகள் விலாவோடு ஒட்டியிருக்கட்டும். பொத்தானைக் குத்தாமல் மெதுவாக அமத்துங்கள். மரத்திலோ கம்பத்திலோ சாய்ந்துகொண்டால் இன்னும் நல்லது. பெத்தகான ஈரநிலப் பூங்கா போன்ற இடங்களின் பலகைப் பாதைகளில் ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும்: பத்தடி தள்ளி ஒருவர் நடந்தாலும் பலகை அதிரும். அங்கே முக்காலியை விரித்துப் பயனில்லை. நடப்பவர் கடந்து போகும்வரை காத்திருந்து எடுங்கள்.

கிளை ஊசிபோல் கூர்மையாக இருக்கிறது, பறவை மட்டும் கலங்கியிருக்கிறது என்றால், அசைந்தது பறவை. தேன்சிட்டும் கொண்டைக்குருவியும் உட்கார்ந்திருக்கும்போதுகூடத் தலையை ஓயாமல் வெட்டிக்கொண்டிருக்கும். 1/1000 போதாத இடம் இது. 1/1600 வரை ஏற்றுங்கள். நின்ற இடத்தில் சிலையாகக் காத்திருக்கும் குருட்டுக் கொக்குக்கு 1/500 கூடப் போதும்.

பறவையின் முன்னால் இருந்த புல்லோ பின்னால் இருந்த தாமரை இலையோ அழகாகத் தெளிந்து நிற்கிறது என்றால், ஃபோகஸ் இடம் மாறிப் போய்விட்டது. குளக்கரைகளில் மிகுதியாக நடப்பது இதுதான். கோரைக்குள் நடமாடும் கானாங்கோழியைக் குறிவைக்கும்போது கமரா கோரையைத்தான் பிடிக்கும். அதற்குப் பறவையும் தெரியாது, புல்லும் தெரியாது, அருகில் நன்றாக வேறுபட்டுத் தெரியும் கோடுதான் தெரியும். பல புள்ளிகளை விட்டு ஒற்றைப் புள்ளிக்கு மாறச் சொன்னது இதற்காகத்தான். அந்தப் புள்ளியைப் பறவையின் கண்ணில் வையுங்கள். கண் எட்டாவிட்டால் கழுத்தின் அடியில். பறவையைப் பிடிக்கும் முன், அதே தூரத்தில் இருக்கும் ஒரு கட்டையிலோ கரையிலோ ஒருமுறை ஃபோகஸ் செய்துகொண்டால் லென்ஸ் முன்னும் பின்னும் அலையாது. லென்ஸின் பக்கவாட்டில் தூர எல்லையைக் குறைக்கும் சிறு விசை இருந்தால் அதையும் பயன்படுத்துங்கள்.

எங்குமே கூர்மை இல்லை, விளிம்புகள் நெளிகின்றன, அடுத்தடுத்து எடுத்த படங்களில் நெளிவு மாறிக்கொண்டே இருக்கிறது. இது கானல். வெயில் ஏறியதும் நீர்ப்பரப்பிலிருந்தும் தார் வீதியிலிருந்தும் எழும் சூடான காற்று ஒளியை வளைக்கிறது. எவ்வளவு பெறுமதியான லென்ஸானாலும் இதற்கு முன் தோற்றுவிடும். நீளமான லென்ஸ் இன்னும் மோசமாகத் தோற்கும், ஏனென்றால் அது தூரத்திலிருக்கும் பறவையைத்தான் தேடிப் போகிறது. மருந்து இரண்டே இரண்டு: இன்னும் காலையில் போவது, இன்னும் கிட்ட இருக்கும் பறவையை எடுப்பது.

கூர்மை இருக்கிறது, ஆனால் படம் முழுவதும் பால் ஊற்றியதுபோல் வெளிறியிருந்தால் லென்ஸின் முன்பக்கத்தைப் பாருங்கள். விரல் ரேகை, கடற்காற்றின் உப்புப் படிவு, மலிவான பாதுகாப்புக் கண்ணாடி ஆகியவற்றில் ஏதோ ஒன்று அங்கே இருக்கும். காலிமுகத்திடலிலோ வெள்ளவத்தைக் கடற்கரையிலோ ஆலாக்களை எடுத்துவிட்டு வந்தால் அன்றைக்கே ஈரத்துணியால் கமராவின் வெளிப்புறத்தையும், லென்ஸ் துடைக்கும் துணியால் கண்ணாடியையும் துடைத்துவிடுங்கள்.

பெரிய சூம் கொண்ட சிறிய கமராக்களை வைத்திருப்போருக்குத் தனியாக ஒரு வார்த்தை. முழு சூமில் வைத்துக்கொண்டு பறவையைத் தேடாதீர்கள். குறைந்த சூமில் பிடித்து, ஃபோகஸ் செய்து, பிறகு கிட்டக் கொண்டுவாருங்கள். இந்தக் கமராக்களைக் குறைத்துப் பேசுபவர்கள் உண்டு. நல்ல வெளிச்சத்தில் அவை எடுத்துத் தரும் படங்களைப் பார்த்தால் அப்படிப் பேச மனம் வராது.

வியூஃபைண்டரில் எல்லாம் கலங்கித் தெரிகிறது, படம் மட்டும் தெளிவாக இருக்கிறது

வியூஃபைண்டருக்குப் பக்கத்தில் சிறு சக்கரம் ஒன்று இருக்கும். உள்ளே தெரியும் எண்கள் தெளியும்வரை அதைத் திருகுங்கள். கண்ணாடி அணிபவர்கள் கண்ணாடியோடேயே இதைச் செய்ய வேண்டும். கமராவில் ஒரு பழுதும் இல்லை.

பறவை ஒரு புள்ளியாகத்தான் வருகிறது

பணத்தைத் தின்னும் குறை இதுதான். 150-600 லென்ஸ் வாங்கினால் சரியாகிவிடும் என்று தோன்றும். அந்த லென்ஸ் இரண்டு கிலோகிராம் அளவு எடை. பஸ்ஸில் கொண்டுபோக வேண்டும், கையில் பிடித்து நிற்க வேண்டும். அதற்கு முன் தூரத்தைக் குறைக்கும் வழிகளைப் பார்க்கலாம்.

கணக்கு எளிது. தூரம் பாதியானால் படத்தில் பறவை இரு மடங்கு உயரமாகும், நான்கு மடங்கு பரப்பைப் பிடிக்கும். இருபது மீற்றரில் நிற்கும் பறவையிடம் பத்து மீற்றருக்குப் போவது, 300 ஐ விட்டு 600 வாங்குவதற்குச் சமம். செலவும் இல்லை, இடையில் இருக்கும் கானலும் தூசியும்கூடக் குறைந்துவிடுகின்றன.

எப்படிக் கிட்டப் போவது? நேராகப் போகக்கூடாது. நம்மூர்ப் பறவைகள் நடைப்பயிற்சி செய்பவர்களுக்குப் பழகியவை. தியத்த உயனவின் கரையில் ஓடுகிறவர்களைக் கண்டு எந்தக் கொக்கும் பறப்பதில்லை. ஆனால் ஒருவர் சட்டென்று நின்று, தன்னையே உற்றுப் பார்த்தால், அது கழுத்தை நீட்டும், அடுத்தது பறத்தல்தான். ஆகவே பறவையைக் கடந்து போகிறவர்போல் சாய்வாக நடங்கள். கண்ணால் வெறிக்காதீர்கள். கமராவை முகத்துக்கு உயர்த்துவதே பறவைக்கு மிரட்டலாகத் தெரியும், அதனால் தூரத்திலேயே உயர்த்திக்கொண்டு நடங்கள். கழுத்தை நீட்டினால் நில்லுங்கள். மறுபடி மேயத் தொடங்கியதும் இரண்டு அடி வையுங்கள்.

இதைவிடச் சிறந்தது, போகாமல் இருப்பது. மீன்கொத்திகள் ஒரே கிளைக்கு, ஒரே கம்பத்துக்குத் திரும்பத் திரும்ப வரும். கம்பத்தின் தலையில் வெள்ளை எச்சம் வழிந்திருந்தால் அங்கே ஒரு பறவை வாடிக்கையாக உட்காருகிறது என்று பொருள். அந்தக் கம்பத்துக்குப் பக்கத்தில், வெயில் உங்கள் முதுகில் படும்படி, மரநிழலில் உட்கார்ந்துவிடுங்கள். கொஞ்ச நேரத்தில் நீங்கள் கரையின் ஒரு பகுதியாகிவிடுவீர்கள்.

தலங்கமவில் இன்னொரு வழி இருக்கிறது. வாகனங்களைப் பறவைகள் பொருட்படுத்துவதில்லை. முச்சக்கரவண்டியை வீதியோரத்தில் மற்றவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் நிறுத்தச் சொல்லி, உள்ளேயே இருந்துகொண்டு எடுங்கள். எஞ்சினை நிறுத்தும்படி அண்ணனிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்; இல்லாவிட்டால் அதிர்வு படத்தில் வந்து உட்காரும். அப்படி ஒரு வண்டிக்குள் இருந்தபடி நீலத் தாழைக்கோழி ஒன்று தின்பதைப் பார்த்தேன். தண்டு ஒன்றை அலகால் பிடுங்கி, வலது காலின் நீண்ட சிவந்த விரல்களால் கைபோல் பற்றிக்கொண்டு, ஒற்றைக் காலில் நின்றபடி மேல்தோலை உரித்து உரித்து உள்ளே இருக்கும் வெண்மையான குருத்தை மட்டும் தின்றது. வண்டியருகே வந்த அது, நான் இருப்பது தெரிந்தும் தெரியாததுபோல் இருந்தது. 300 மில்லிமீற்றருக்கு அந்தப் பறவை சட்டத்துக்குள் அடங்கவில்லை.

கைத்தொலைபேசி மட்டும் வைத்திருப்பவர்கள் இரு விரலால் பெரிதாக்கி எடுப்பதை விட்டுவிடுங்கள். அது பின்னால் வெட்டி எடுப்பதற்கு மேல் ஒன்றும் தருவதில்லை. அதற்குப் பதில் பறவையோடு அதன் இடத்தையும் சேர்த்து எடுங்கள். பேர வாவியின் கூழைக்கடாக்கள் பின்னால் நிற்கும் மாடிக் கட்டடங்களோடு சேர்ந்து வரும் படம், பறவையை மட்டும் காட்டும் படத்தைவிடக் கொழும்பைப் பற்றி அதிகம் சொல்லும்.

வெள்ளைக் கொக்கு சுண்ணாம்புப் பூச்சாகவும், நீர்க்காகம் கரித்துண்டாகவும் வருகிறது

கமராவின் ஒளிமானி காட்சி முழுவதையும் ஒரு நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கும். கரிய நீரின் நடுவே சிறியதாக ஒரு கொக்கு நின்றால், கமரா நீரைப் பார்த்து “இருட்டு” என்று எண்ணி ஒளியைக் கூட்டிவிடும். கொக்கின் இறகுக் கோடுகள் எல்லாம் அழிந்துபோகும். கூட்டல் கழித்தல் குறியிட்ட பொத்தானை அழுத்தி, கழித்தல் பக்கம் ஒரு படி (அளவுகோலில் -1) போங்கள். அதே கொக்கு சட்டம் நிறைய வந்துவிட்டால் கதை தலைகீழாகும். வெள்ளையைக் கண்டு கமரா ஒளியைக் குறைத்துவிடும், கொக்கு அழுக்குச் சாம்பலாக வரும். அப்போது அரைப் படி கூட்டல். வானத்தின் பின்னணியில் கிளையில் இறக்கைகளை விரித்துக் காயவைக்கும் நீர்க்காகத்துக்கு ஒன்று முதல் ஒன்றரைப் படி வரை கூட்ட வேண்டும். வானம் வெளுத்துப்போகும், போகட்டும்.

குருட்டுக் கொக்கு இதில் ஒரு சோதனை. உட்கார்ந்திருக்கும்போது சேற்று நிறம். பறக்கும்போது விரிவது தூய வெள்ளைச் சிறகு. உட்கார்ந்த பறவைக்குச் சரியாக இருந்த ஒளி அளவு, எழும்பிய மறுகணம் சிறகைச் சுட்டுவிடும். அது பறக்கும் படம் வேண்டுமென்றால் முன்கூட்டியே அரைப் படிக்கு மேல் குறைத்து வைத்துக் காத்திருங்கள். பிறகு கணினியில் உடலை வெளிச்சப்படுத்தலாம். அழிந்துபோன வெள்ளையை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. இதற்காகவே ஜேபெக்கோடு, கமரா பதப்படுத்தாத மூலக் கோப்பான ரா கோப்பையும் சேர்த்துச் சேமிப்பது நல்லது.

சூரியன் எதிரே இருந்தால் இவை ஒன்றும் உதவாது. காலையில் குளத்தின் கிழக்குக் கரையில் நின்று மேற்கே பாருங்கள். மாலையில் மேற்குக் கரையில் நின்று கிழக்கே பாருங்கள்.

படம் முழுவதும் மணல் தூவியதுபோல் இருக்கிறது

ஐஎஸ்ஓ ஏறியிருக்கிறது. பயந்து ஷட்டர் வேகத்தைக் குறைக்காதீர்கள். மணல் தூவிய கூர்மையான படத்தை ஓரளவு திருத்தலாம், அசைந்த படத்தைத் திருத்தவே முடியாது. இருட்டாக எடுத்துவிட்டுக் கணினியில் தூக்கிவிடுவதும் வேண்டாம். அப்படித் தூக்கினால் நிழல் பகுதியிலிருந்து மணல் இன்னும் மோசமாகக் கிளம்பும்.

உண்மையான மருந்து வெளிச்சம். கொழும்பு நிலநடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய ஏழு பாகையில் இருக்கிறது. ஆண்டு முழுவதும் சூரியன் ஆறு மணியை ஒட்டியே உதிக்கிறது. உதித்ததும் ஏறக்குறைய நேர்ச்செங்குத்தாக மேலே ஏறுகிறது. குளிர் நாடுகளில் மணிக்கணக்காக நீடிக்கும் இதமான சாய்வெயில் இங்கே ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு மேல் நிற்பதில்லை. ஆறே கால் முதல் எட்டு மணி வரை, மாலையில் நாலரை முதல் ஆறு வரை. ஒன்பது மணிக்குப் புறப்படுகிறவருக்குக் கிடைப்பது உச்சி வெயிலும், பறவையின் கண்ணை மறைக்கும் நிழலும், கானலும்தான். கொள்ளுப்பிட்டியிலிருந்து கடுவலைக்குப் போகும் 177 இலக்க பஸ் பத்தரமுல்லை வழியாகப் போகிறது. முதல் பஸ்களில் ஒன்றைப் பிடித்தால் தியத்த உயனவில் நல்ல வெளிச்சத்துக்கு இறங்கிவிடலாம். கட்டண நுழைவுள்ள ஈரநிலப் பூங்காக்களுக்குப் போவதானால் திறக்கும் நேரத்தை முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

மேகம் மூடிய நாளைச் சபிக்காதீர்கள். மெல்லிய மேகம் வெள்ளைப் பறவைகளுக்கு மிகச் சிறந்த ஒளி.

மரநிழலில் கிளறும் ஆறுமணிக்குருவி போன்றவற்றுக்கு ஐஎஸ்ஓ ஏறத்தான் செய்யும். ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரை அது இங்கே விருந்தாளி. கிடைத்ததே பெரிது என்று எடுங்கள்.

பறக்கும் படங்களில் வால் மட்டும் இருக்கிறது, அல்லது வெறும் வானம்

பறவையை எழும்பிய பிறகு துரத்தினால் அப்படித்தான் வரும். எழும்பப்போகிறது என்று அது முன்கூட்டியே சொல்லும்: இறகை ஒருமுறை சிலிர்க்கும், எச்சமிடும், உடலைத் தாழ்த்தி முன்னால் சாயும். அதைக் கண்டதும் பொத்தானில் விரல் தயாராகட்டும். வேகம் 1/2000. சட்டத்தில் பறவைக்கு முன்னால் நிறைய இடம் விடுங்கள்; சிறகு வெட்டுப்படாமல் இருக்கச் சூமைச் சற்றுக் குறையுங்கள். இங்கே மட்டும் ஒற்றைப் புள்ளியை விட்டு, நடுவில் ஒரு சிறு கூட்டமாகப் புள்ளிகளைத் தெரிவுசெய்யலாம். தேன்சிட்டில் தொடங்க வேண்டாம். கூழைக்கடாவும் செம்பருந்தும் நிதானமாகப் பறப்பவை, பெரியவை. கை பழகுவதற்கு அவைபோல் ஆசான்கள் இல்லை.

பறவைகள் எழும்புவதும் இறங்குவதும் காற்றை எதிர்கொண்டுதான். கொழும்பில் பிற்பகலில் பெரும்பாலும் கடற்காற்று மேற்குப் பக்கமிருந்து வீசும். அப்போது சூரியனும் மேற்கில்தான் இருக்கிறது. ஆகவே மாலையில் மேற்குக் கரையில் முதுகில் வெயில் பட நின்றால், இறங்கும் பறவை உங்களை நோக்கி, முகத்தில் ஒளி விழ, கால்களை முன்னே நீட்டிக்கொண்டு வரும். இப்படிச் சூரியனும் காற்றும் ஒரே பக்கத்தில் நின்று உதவும் வாய்ப்பு மேற்குக் கடலோர ஊருக்குக் கிடைத்த கொடை. தலங்கமவில் சீழ்க்கைத் தாராக்கள் கூட்டமாக இறங்கும் மாலையில் இதை ஒருமுறை செய்து பாருங்கள்.

பறவை நன்றாக இருக்கிறது, படம் நன்றாக இல்லை

நின்ற உயரத்திலிருந்து கீழ்நோக்கி எடுத்திருப்பீர்கள். அப்படி எடுத்தால் பின்னணியில் வருவது பறவையை ஒட்டியிருக்கும் சேறும் பிளாஸ்டிக் போத்தலும். குந்தி உட்காருங்கள். கமரா பறவையின் கண் மட்டத்துக்கு வந்ததும், பின்னணி தொலைவுக்குப் போய்ப் பச்சைப் படுதாவாகக் கரைந்துவிடும். கமராவின் திரை மடியக்கூடியது என்றால் அதை நீட்டிக்கொண்டு தரைமட்டத்தில் பிடியுங்கள்.

ஆனால் நீர் விளிம்பில் படுத்துவிடாதீர்கள். தியவன்னாவிலும் அதைச் சார்ந்த கால்வாய்களிலும் முதலைகள் உண்டு. கபரக்கொய்யா பயமுறுத்தும் தோற்றமுடையது, வம்புக்கு வராது, முதலை அப்படியல்ல. இன்னொன்று, டெங்கு நுளம்பு கடிக்கும் நேரமும் படமெடுக்க உகந்த நேரமும் ஒன்றே. முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போங்கள்.

லென்ஸில் புகை படிந்ததுபோல் இருக்கிறது

குளிரூட்டிய அறையிலிருந்து நேராக வெளியே எடுத்து வந்திருக்கிறீர்கள். நமது ஈரக்காற்று குளிர்ந்த கண்ணாடியில் பட்டதும் நீராகிவிடும். துடைக்கத் துடைக்க மீண்டும் படியும்; உள்பக்கம் படிந்ததைத் துடைக்கவும் முடியாது. முதல் நாள் இரவே பையைக் குளிரூட்டி இல்லாத அறையில் வைத்துவிடுங்கள். மறந்துவிட்டால், பையைத் திறக்காமல் அரை மணி நேரம் வெளியில் விடுங்கள். லென்ஸைக் கழற்றவே கூடாது.

நாட்கணக்கில் போகாத மங்கல் என்றால் விடயம் பாரதூரமானது. இருட்டறையில் லென்ஸின் ஒரு முனையில் கைவிளக்கைப் பிடித்து மறுமுனையால் பாருங்கள். சிலந்தி வலைபோல் மெல்லிய இழைகள் தெரிந்தால் அது பூஞ்சணம். உடனே மற்ற லென்ஸ்களிலிருந்து பிரித்து வைத்து, சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். அது கண்ணாடியின் பூச்சை அரித்துவிட்டால் திருத்த முடியாது.

வராமல் தடுப்பது மலிவு. காற்றுப் புகாத சாப்பாட்டுப் பெட்டி ஒன்று, சிலிக்கா ஜெல், சிறிய ஈரப்பதமானி ஒன்று. ஈரப்பதம் நாற்பது முதல் ஐம்பது சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். ஜெல் நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தி மறுபடி பயன்படுத்தலாம். அரிசிக்குள் புதைத்து வைக்கும் வழக்கம் வேண்டாம்; அதன் தவிடும் தூசியும் லென்ஸின் வளையங்களுக்குள் புகுந்துவிடும். தோல் பையிலும் அலுமாரியிலும் மாதக்கணக்கில் பூட்டி வைப்பதுதான் பூஞ்சணத்துக்கு மிகவும் பிடித்தது. அடிக்கடி வெளியே எடுத்துப் பயன்படுத்தப்படும் லென்ஸை அது அவ்வளவு எளிதில் அண்டாது.

எல்லாப் படங்களிலும் ஒரே இடத்தில் ஒரு கரும்புள்ளி என்றால் அது பூஞ்சணம் அல்ல, கமராவின் உணரியில் ஒட்டிய தூசி. கையால் அமத்தும் காற்றூதியால் ஊதினால் பெரும்பாலும் போய்விடும். வாயால் ஊதாதீர்கள்.

சரியான நேரத்தில் கமரா நின்றுவிடுகிறது

தொடர்ந்து எடுத்ததில் கமராவின் தற்காலிக நினைவகம் நிரம்பியிருக்கும். வேகமான மெமரி கார்ட் உதவும். மூன்று நான்கு படங்களாக விட்டு விட்டு எடுப்பது அதைவிட உதவும்.

பறவை விலகிப் போகாமல் கத்திக்கொண்டே இருக்கிறது

படத்தில் தெரியாத பிழை இது; ஆனால் மற்ற எல்லாவற்றிலும் பெரியது. பறவை உங்களைச் சுற்றிச் சுற்றி வந்து கத்துகிறது, வாயில் இரையை வைத்துக்கொண்டு விழுங்காமல் காத்திருக்கிறது, அல்லது ஒரு பக்கச் சிறகு முறிந்ததுபோல் தரையில் இழுத்துக்கொண்டு நடிக்கிறது என்றால், நீங்கள் கூட்டுக்கு அருகில் நிற்கிறீர்கள். உடனே வந்த வழியே விலகுங்கள். தாய் விலகியிருக்கும் சில நிமிடங்கள் காகத்துக்குப் போதும். கொழும்பில் காகத்துக்குப் பஞ்சமில்லை. நடுப்பகல் வெயிலில் நிழல் இழந்த முட்டைகளும் குஞ்சுகளும் தாங்காது. மறைக்கும் கிளையை ஒடித்து “வழி” செய்வதைச் செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கிளை கூட்டின் கூரை. கைத்தொலைபேசியில் குரலை ஒலிக்கவிட்டு அழைப்பதையும் விட்டுவிடுங்கள். எதிரி வந்துவிட்டான் என்று நம்பி, தின்ன வேண்டிய நேரத்தில் அது அலைந்துகொண்டிருக்கும். கூடு இருக்கும் இடத்தைப் படத்தோடு சேர்த்து ஊருக்குச் சொல்லவும் வேண்டாம்.

அதிகாரி ஒருவர் வந்து நிறுத்துகிறார்

தியவன்னாவின் ஒரு பகுதி பாராளுமன்றத்தை ஒட்டியது. நீளமான லென்ஸைக் கண்டால் கேட்பது அவர்கள் கடமை. கட்டடங்களை நோக்கியும் படை முகாம்களை நோக்கியும் கமராவைத் திருப்பாதீர்கள். அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள், எடுத்த படங்களைக் காட்டுங்கள். “குருல்லோ” என்று சிங்களத்தில் சொல்லிக் கொக்கைக் காட்டினால் பெரும்பாலும் முகம் மலர்ந்துவிடும். வேண்டாம் என்றால் வாதிடாமல் வேறு கரைக்குப் போங்கள்.

நல்ல படம்தான், ஆனால் என்ன பறவை என்று சொல்ல முடியவில்லை

வெள்ளைக் கொக்குகளில் இது அடிக்கடி நடக்கும். அழகான ஒரு படத்தோடு நிறுத்திவிடாமல், அடையாளத்துக்காகச் சில படங்கள் எடுங்கள்: அலகு முழுவதும் தெரியும் பக்கவாட்டுத் தோற்றம், கால், விரித்த சிறகு. சின்னக் கொக்குக்கு அலகும் காலும் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள். பெரிய கொக்கின் வாய்ப்பிளவுக் கோடு கண்ணையும் தாண்டிப் பின்னால் போகும். நடுத்தரக் கொக்கில் அது கண்ணுக்குக் கீழேயே நின்றுவிடும். உண்ணிக் கொக்கு குட்டைக் கழுத்தும் தடித்த தாடையும் கொண்டது, மாடுகளின் பின்னால் புல்லில் திரியும். ஐயம் தீராவிட்டால், 1976 இல் தொடங்கிக் கொழும்புப் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு இயங்கிவரும் இலங்கைக் களப் பறவையியல் குழுவைச் சேர்ந்தவர்கள் போன்ற அனுபவசாலிகளிடம் படத்தைக் காட்டலாம். திகதியும் இடமும் சேர்த்துச் சொல்லுங்கள். அவை இல்லாத படம் அவர்களுக்குப் பாதிப் பயன்கூடத் தராது. சின்னக் கொக்கின் மஞ்சள் பாதம் நீருக்குள் இருக்கும்வரை தெரியாது, அது அடுத்த அடி எடுத்து வைக்கும்வரை கமராவை இறக்காதீர்கள்.